பன்னிரண்டு இல்லாமல் பி.ஏ.? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

நான் சேரம்பாடி பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லைன் வீட்டில் இருக்கிறேன். வயது 24. 2018இல் பத்தாம் வகுப்பு எழுதினேன், கணக்கு மட்டும் போய்விட்டது. அதற்குப் பிறகு கொழுந்து பறிக்கப் போய்விட்டேன். டீச்சராக வேண்டும் என்ற ஆசை இன்னும் விடவில்லை. 18 வயது முடிந்தால் போதும், பத்தும் பன்னிரண்டும் இல்லாமலே நேராக பி.ஏ. சேரலாம் என்று கூடலூரில் ஒருவர் சொல்கிறார். மூன்று வருடத்தில் பட்டம் கைக்கு வந்துவிடுமாம். அட்வான்ஸ் கேட்கிறார். கட்டலாமா? தம்பி பத்து பாஸ், பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி போனதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான்.

ச.

அன்புள்ள ச.,

பணம் கட்ட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் சொல்வது முழுப் பொய் இல்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், பன்னிரண்டு முடிக்காதவர்களுக்கென்று ஓர் ஆயத்தப் படிப்பு உண்டு. 18 வயது ஆகியிருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் படித்துத் தேறினால் பி.ஏ., பி.காம். போன்றவற்றில் சேரலாம். பல்கலைக்கழகமும் உண்மை, பட்டமும் உண்மை. ஆனால் அந்த ஆயத்தப் படிப்பு பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் ஆகாது. இதை அந்த ஆள் சொல்லியிருக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு முதலில் பத்து, அடுத்து பன்னிரண்டு, அதற்குப் பிறகு பட்டம் என்ற வரிசையைப் பார்க்கிறார்கள். பத்தும் பன்னிரண்டும் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இல் அரசாணையே வந்தது. பி.எட். சேர்க்கையிலும் இதே வரிசைதான். நீங்கள் ஆசைப்படுவது டீச்சர் வேலைக்கு. அந்த வாசலைத்தான் இந்தப் பட்டம் தாண்டாது.

என் சித்தி மகன் கதையைச் சொல்ல வேண்டும். கோத்தகிரியில் பத்தோடு நின்றவன், கீழே ஒரு மையத்தில் பணம் கட்டி இப்படித்தான் பி.ஏ. முடித்தான். ராத்திரி பத்து மணிக்கு ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து வந்து படித்தவன் அவன். உண்மையாகப் படித்தான். அரசுத் தேர்வு எழுதினான், தேறினான். சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் "பிளஸ் டூ எங்கே?" என்று கேட்டார்கள். அன்றைக்கு பஸ் ஏறித் திரும்பி வந்தவன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. சேர்க்கும்போதே அந்த மையம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த ஆயத்தப் படிப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஐம்பது வயதில் வரலாறு படிக்க ஆசைப்படும் ஒரு அம்மாவுக்கு அது நல்ல வழி. உங்களுக்கு அது வேண்டாம்.

சரி, உங்கள் வழி எது? உங்களிடம் நான்கு பாடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை யாரும் பிடுங்க முடியாது. தனித்தேர்வராகக் கணக்கு ஒன்றை மட்டும் எழுதினால் போதும். 100க்கு 35 வேண்டும். இப்போதைய வினாத்தாளில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, இரண்டுக்கும் தலா 8 மதிப்பெண். ஸ்கேலும் காம்பஸும் கையில் பழகிவிட்டால் 16 மதிப்பெண் வந்துவிடும். மீதியை ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் கேள்விகளில் சேர்த்துவிடலாம். நீங்கள் படித்தபோது இருந்த புத்தகம் மாறிவிட்டது, புதுப் புத்தகத்தை வைத்துப் படியுங்கள்.

எப்போது எழுதுவது என்பதையும் யோசியுங்கள். துணைத்தேர்வு ஜூன், ஜூலையில் வரும். பந்தலூர்ப் பக்கம் அந்த மாதங்களில் மழை எப்படிப் பெய்யும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரம் விழுந்து ரோடு அடைத்தால் தேர்வு மையத்துக்கு எப்படிப் போவீர்கள்? மார்ச், ஏப்ரலில் வரும் பொதுத்தேர்வையே குறி வையுங்கள். விண்ணப்பத் தேதியைத் தேர்வுத் துறையின் சேவை மையத்திலோ, நீங்கள் படித்த பள்ளியிலோ கேளுங்கள். இதற்கு ஏஜென்ட் வேண்டாம்.

பத்து தேறிய அன்றைக்கே ஒரு கதவு திறக்கும். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். டீச்சர் கனவை விடச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தேர்வையும் எழுதுங்கள்.

அப்புறம் பன்னிரண்டு. அதையும் தனித்தேர்வராக எழுதலாம். மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது. அங்கே ஐந்து பாடம், ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனாலும் உங்கள் குறி மாநில அரசு வேலை என்பதால், மாநிலத் தேர்வுத் துறையின் சான்றிதழையே வாங்குங்கள் என்பேன். கேள்வி வராது. பத்துக்குப் பிறகு இதற்கு இரண்டு வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு கையில் வந்த பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தைரியமாகச் சேருங்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டமும் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கூடலூர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அதைவிட நல்லது, ஆனால் தினக்கூலியை விட்டுவிட்டுப் போக முடியுமா என்பது உங்கள் வீட்டுக் கணக்கு.

பட்டம் வரை மொத்தம் ஆறேழு வருடம். 31 வயதாகிவிடுமே என்று தோன்றும். அந்த ஆள் சொன்ன வழியில் போனால் 27இல் பட்டம் வரும், பிறகு பத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நீங்கள் இருக்கும் டேன்டீ, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகப் போட்ட தோட்டம். உங்கள் பாட்டி தலைமுறையில் பலர் காகிதம் சரியில்லை என்று எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றார்கள் என்று வீட்டில் கேட்டிருப்பீர்கள். உங்கள் காகிதத்தில் ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது.

தம்பியைப் பற்றி. அவன் பாதி வழி வந்துவிட்டான். கெமிஸ்ட்ரியை எழுதட்டும். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம், பத்து பாஸ் என்பதால் ஊட்டி அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோவுக்கோ குன்னூர் ஐ.டி.ஐ.க்கோ விண்ணப்பிக்கலாம். ஐ.டி.ஐ. இரண்டு வருடம் முடித்தால் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு, டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் நேரடி இரண்டாம் ஆண்டு. இது அரசே போட்ட பாதை, எந்தச் சான்றிதழும் விட்டுப்போகாது. நான் முதல்வன் திட்டத்தில் 'உயர்வுக்குப் படி' என்று முகாம் நடத்துகிறார்கள், அவனைப் போல நடுவில் நின்றவர்களுக்காகத்தான். அடுத்த முகாமுக்குக் கூட்டிப் போங்கள்.

இப்போதைக்கு உங்கள் 2018 மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுங்கள். லைன் வீட்டு ஈரத்தில் நைந்திருந்தால் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் போய், நகல் வாங்க என்ன செய்ய வேண்டும் என்று இந்த வாரமே கேளுங்கள். கணக்குப் புத்தகம் என் அக்கா மகள் படித்தது ஒன்று சும்மா கிடக்கிறது. முகவரி எழுதினால் தபாலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்