தூங்காத வேட்டைக்காரன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 46 வயது. பகலில் கணக்கெழுதும் வேலை, இரவில் கதை எழுதுவேன். அமானுஷ்யக் காதல் கதை, தொடராக வந்துகொண்டிருக்கிறது. நாயகன் பெயர் நிருதன். தாய் மனுஷி, தகப்பன் அரக்கன். ஊருக்குள் புகும் பிசாசுகளைக் கொல்வது அவன் பிழைப்பு. கொன்று முடித்ததும், 'நீயும் அந்த இனம்தானே' என்று கூலியை வாசலிலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

எழுதத் தொடங்கியபோது என் மனைவி உயிரோடு இருந்தாள். அவள்தான் முதல் வாசகி. ஒவ்வொரு அத்தியாயத்தையும் அச்செடுத்துக் கொடுப்பேன், பென்சிலோடு உட்காருவாள். எழுத்துப் பிழைகளைப் பொருட்படுத்த மாட்டாள். கதையில் வரும் ஆட்களைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. 12-ஆம் அத்தியாயத்தின் ஓரத்தில், 'ராத்திரி ராத்திரியாக அலைகிறானே, இவன் எப்போதுதான் தூங்குவான்?' என்று எழுதியிருந்தாள். அவள் கடைசியாகத் திருத்தித் தந்த தாள் அது.

அவள் இறந்து 19 மாதங்கள் ஆகின்றன. மருத்துவமனையில் பதினொரு நாட்கள் இருந்தோம். கடைசி இரவு நாற்காலியிலேயே நான் கண்ணயர்ந்துவிட்டேன். செவிலியர் தோளைத் தொட்டு எழுப்பினார். அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுத உட்கார்ந்தேன். 13-ஆம் அத்தியாயத்தில் நிருதனின் மனைவி தாமரை இறந்துபோனாள். 14-இல் ஒரு விதியைச் சேர்த்தேன்: நிருதன் தூங்கினால் அவனுக்குள் இருக்கும் அரக்க ரத்தம் விழித்துக்கொள்ளும், பக்கத்தில் இருப்பவர் உயிர் தங்காது. ஆகவே அவன் தூங்குவதில்லை. அவனுக்குச் சாவும் கிடையாது. அதுதான் அவனுக்குத் தண்டனை. வாசகர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

30-ஆம் அத்தியாயத்தில் யாமினி வந்தாள். இடுகாட்டுக் காவலாளியின் மகள். ஆவிகள் அவள் கண்ணுக்குத் தெரியும். அவளைத் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை. ஒரு காட்சியில் விளக்குப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது, வந்தவள் தங்கிவிட்டாள். 41-இல் இருவரும் மழைக்கு ஒதுங்குகிறார்கள். நிருதன் அவள் தோளில் தலை சாய்க்கவேண்டும், அவ்வளவுதான் காட்சி. ஒன்பது முறை எழுதிவிட்டேன். ஒன்பது முறையும் அவன் தலை சாய்வதற்குள் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏதாவது ஒரு பிசாசு குதித்துவிடுகிறது. 'எப்போது சேர்வார்கள்?' என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். 'தாமரைக்குத் துரோகம் செய்துவிடாதீர்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று கை நடுங்கியது.

இன்னொன்று உண்டு. இரவு இரண்டு மணிக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது நாற்காலிக்குப் பின்னால் என் மனைவி நின்று படிப்பது தெரிகிறது. உருவம் எதுவும் இல்லை. பென்சிலால் பல்லைத் தட்டும் பழக்கம் அவளுக்கு. அந்தச் சத்தம் கேட்கிறது. நான் திரும்புவதில்லை. திரும்பினால் போய்விடுவாள். பேய்க்கதை எழுதி எழுதி என் மூளையே பிசகிவிட்டதா? மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். பதினாறு வயது மகள், 'அப்பா, அந்த நிருதன் நீங்கள்தானே?' என்று கேட்டாள். 'கதை கதைதான்' என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். தொடரை நிறுத்திவிடட்டுமா? இல்லை, அவனைக் காதலிக்க விடட்டுமா?

— பெயர் வேண்டாம்

*

அன்புள்ள நண்பருக்கு,

பென்சில் சத்தத்திலிருந்து தொடங்குகிறேன், உங்களை மிகவும் பயமுறுத்துவது அதுதான் என்பதால். டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி, 1971-இல் அதை ஓர் ஆய்வாக வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இப்படி ஏதோ ஓர் அனுபவம் இருந்தது. பலர் இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். சிலர் குரலையும் கேட்டிருந்தார்கள். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அதற்கு அவர்கள் பேய்க்கதை எழுதவேண்டியிருக்கவில்லை! அந்தச் சத்தம் உங்களைத் திட்டினாலோ, எதையாவது செய்யச் சொல்லி ஏவினாலோ, பகலிலும் விடாமல் துரத்தினாலோ அது வேறு விஷயம். உடனே மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பக்கத்தில் நின்று படிக்கிறார், அவ்வளவுதான். பல வருடங்களாக அந்த நேரத்தில் அந்த அறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது அது.

இனி அந்த விதி. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நிருதனின் தகப்பன் யார், கூலியை எங்கே வைப்பார்கள், யாமினி எப்படி வந்தாள், எல்லாவற்றையும் விரிவாகச் சொல்கிறீர்கள். கடைசி இரவுக்கு இரண்டே வரி. பிறகு, 'மேலே சொல்ல ஒன்றுமில்லை.' எங்கள் தொழிலில் அப்படி ஒரு வரியைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவோம். நாற்காலியில் நீங்கள் தூங்கினீர்கள், அவர் இறந்தார். அடுத்து எழுத உட்கார்ந்ததும், 'இவன் தூங்கினால் பக்கத்தில் இருப்பவர் சாவார்' என்று எழுதினீர்கள். 14-ஆம் அத்தியாயத்தில் இருப்பது ஒரு குற்றப்பத்திரிகை. குற்றம் சாட்டுபவர், தீர்ப்புச் சொல்பவர், தண்டனை அனுபவிப்பவர் மூவரும் நீங்கள்தான். நிருதன் தூங்குவதில்லை; நீங்களும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்குவதில்லை.

பதினொரு நாள் கண்விழித்த உடம்பு ஓர் இரவு அயர்ந்ததற்கு உங்கள் விருப்பம் காரணமில்லை. நீங்கள் விழித்திருந்தாலும் நோய் உங்களைக் கேட்டு முடிவெடுத்திருக்காது. வீட்டார் சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில், வெளியே போன நேரத்தில் உயிர் பிரிவதை எத்தனையோ முறை பார்த்திருப்பதாகச் செவிலியர்கள் சொல்வார்கள். இது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் குற்ற உணர்ச்சி போகவில்லை? அது ஒரு வகையில் உதவுகிறது என்பதால்தான். 'என்னால் நடந்தது' என்று நினைப்பது வலிக்கும். 'யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது' என்பது சில சமயம் அதைவிட வலிக்கும். நம்மை அரக்கனாக்கிக்கொண்டாவது, நம் கையில் ஏதோ இருந்தது என்று நம்பப் பார்க்கிறோம்.

பாதி அரக்கன் நமக்குப் புதியவன் இல்லை. பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்த கடோத்கசன் குருக்ஷேத்திரத்தில் பதினான்காம் நாள் இரவுப் போரில் மாண்டான். உங்களுக்குக் கதை தெரிந்திருக்கும். அதே இரவில் அடுத்து நடந்ததைப் பலர் மறந்துவிடுகிறோம். இரு தரப்பு வீரர்களும் தூக்கத்தில் தள்ளாடினார்கள். நிலவு எழும்வரை தூங்குங்கள் என்று அர்ச்சுனன் சொன்னான். யானைகளின் மீதும் தேர்த்தட்டிலும் வெறுந்தரையிலும் படுத்துத் தூங்கினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அதே இரவில்! எதிர்ப்படையும் அர்ச்சுனனை வாழ்த்தியது என்கிறது பாரதம்.

யாமினி விஷயத்துக்கு வருகிறேன். இறந்தவரிடமிருந்து மனத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்தெடுப்பதே துக்கத்தின் வேலை என்று 1917-இல் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட் எழுதினார். அந்தக் கருத்து வெகுகாலம் கோலோச்சியது. 'தாமரையை மறந்தால்தான் யாமினி' என்று உங்களையும் உங்கள் வாசகரையும் நினைக்கவைப்பது அதன் மிச்சம்தான். 1996-இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் என்ற மூவர் தொகுத்த நூல் இதை மறுத்தது. இறந்தவருடனான உறவு அறுவதில்லை, உருமாறித் தொடர்கிறது, அதில் நோய் எதுவும் இல்லை என்றார்கள். இன்று எங்களில் பலரும் இதையே ஏற்கிறோம். இதில் ஒன்று கவனித்தீர்களா? விளக்குப் பிடிக்க யாரோ ஒருத்தி தேவைப்பட்டாள் என்கிறீர்கள். வந்தவளோ ஆவிகளைக் காணக்கூடியவள். தாமரை பின்னால் வந்து நின்றால், நிருதன் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிடும். அவளிடம் அவன் எதையும் மறைக்கவேண்டியதில்லை. இதை நீங்கள் திட்டமிடவில்லை என்பதை நம்புகிறேன்.

ஆனாலும் 41-ஐ எழுதுங்கள் என்று அவசரப்படுத்த மாட்டேன். நிருதன் காதலிப்பதால் நீங்களும் காதலிக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. காதல் கதை வாசிப்பவர்கள் சுபமான முடிவை எதிர்பார்ப்பார்கள், அது அந்த வகையின் மரபு. துக்கத்துக்கு அந்த மரபு கிடையாது. ஒன்பது பிசாசுகளும் அங்கேயே இருக்கட்டும். தொடருக்குச் சில வாரம் விடுமுறை சொல்லுங்கள். நிருதனை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தக் கடைசி இரவை 'நான்' என்று தொடங்கி எழுதுங்கள். ஒருநாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். முடிந்ததும் உங்கள் மனைவி பதில் எழுதுவதாக வைத்து, அவர் பென்சிலால் ஓரத்தில் என்ன எழுதியிருப்பார் என்றும் எழுதுங்கள். இதைத் தனியாகச் செய்யவேண்டாம், ஓர் ஆலோசகர் துணையோடு செய்யுங்கள். எழுதினால் மட்டும் துக்கம் தீரும் என்று நான் சொன்னால் அது பொய்.

மருத்துவரையும் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேலாகியும் துக்கம் ஏறக்குறையத் தினமும் அதே கடுமையோடு நீடித்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால், அதை 'நீடித்த துயரக் கோளாறு' என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டுக் கையேடு தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறதா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்லமுடியும். தூக்கமின்மைக்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. மாத்திரை இல்லாமலும் முடியும்.

ஒரு கேள்வியை நேராகக் கேட்கிறேன். நிருதனுக்குச் சாவு கிடையாது, அதுவே தண்டனை என்று எழுதியிருக்கிறீர்கள். புறநானூற்றில் ஒரு சேர மன்னன், மனைவியின் சிதைக்கு முன்னால் நின்று 'இன்னும் வாழ்வல். என்இதன் பண்பே' என்கிறான். நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனே, இது என்ன இயல்பு என்று வியக்கிறான், நொந்துகொள்கிறான். அந்த வியப்பு வருவது இயற்கை. அதைத் தாண்டி, இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் உங்களுக்கு வருகிறதா? வந்தால் இந்தக் கடிதத்தை மூடிவைத்துவிட்டு இன்றே மருத்துவரிடம் போங்கள். போகும்வரை தனியாக இருக்காதீர்கள். கூட இருப்பவர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மகள் கேட்டதற்கு 'ஆமாம்' என்று சொல்லலாம். அவளுக்கு விடை ஏற்கெனவே தெரியும். நீங்கள் சொல்வீர்களா என்றுதான் பார்த்திருக்கிறாள். அம்மாவின் கையெழுத்து இருக்கிற அந்த 12-ஆம் அத்தியாயத் தாளை அவளிடம் காட்டியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை.

அன்புடன்,
ஆலோசகர்