ஏழு ஸ்பாட் வேண்டாம், நாலு பேட்டை போதும்

கே: அரையாண்டு லீவில் குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறோம். அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி உண்டு. பையன் ஏழாம் வகுப்பு. இரண்டு நாளில் தலைநகரை முழுசாகக் கவர் பண்ண வேண்டும். வேன் எடுத்துவிடலாமா? எந்தெந்த ஸ்பாட்?
— ஒரு வாசகர், தர்மபுரி

ப: ‘கவர்’ என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு. சென்னைக் கடைத்தெருவில் கவர் என்றால் பிளாஸ்டிக் பை. மீனும் பூவும் வெண்டைக்காயும் அதில்தான் விழும். 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் அதற்குத் தடை. ஆனாலும் “ஒரு கவர் குடுங்கண்ணே” என்கிற குரல் இன்னும் ஓயவில்லை. தபால் ஆபீசில் கவர் என்றால் உறை. நல்ல தமிழில் கவர்தல் என்றால் பறித்துக்கொள்வது, மனசை இழுப்பது. பையிலும் உறையிலும் சென்னை அடங்காது. பறித்துக்கொண்டு போகவும் முடியாது. மிச்சம் இருப்பது மனசை இழுக்கிற கவர் ஒன்றுதான். அது ஊர் செய்ய வேண்டிய வேலை. அதற்கு நீங்கள் தெருவில் நடக்க வேண்டும். வேனில் உட்கார்ந்தால் அது நடக்காது.

வேன் எடுத்தால் என்ன ஆகும்? டிபன் முடித்து ஒன்பதரைக்குக் கிளம்புவீர்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்குப் போய், மாட வீதியில் நிறுத்த இடம் கிடைக்காமல் இரண்டு சுற்றுச் சுற்றி, செருப்பைக் கழற்றி உள்ளே போகும்போது உச்சிக்காலம் முடிந்து நடை சாத்துகிற நேரமாகிவிடும். மறுபடி திறக்கச் சாயங்காலம் நாலு மணி. சரி, மியூசியம் போகலாம் என்று எழும்பூர் போவீர்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இருந்தால் அங்கேயும் பூட்டு. கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை. கடைசியில் உச்சி வெயிலில் மெரினா மணலில் கால் சுட நிற்பீர்கள். பட்டியலில் ஏழு இடம் இருக்கும். பையனுக்கு ஞாபகம் இருக்கப்போவது வேன் ஜன்னல்தான்.

அதனால் அரை நாளுக்கு ஒரு பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்கு நாலு. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

முதல் நாளை வடக்கே தொடங்குங்கள். “வட சென்னையில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்டு இந்தப் பக்கத்துக்கு மாசம் ஒரு கடிதமாவது வருகிறது. ஊர் பிறந்ததே அங்கேதான், ஐயா. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கிடைத்து, கோட்டை எழும்பி, கோட்டைக்கு வடக்கே குடியேறியவர்களின் தெருக்கள்தான் இன்றைய ஜார்ஜ் டவுன். தெற்கே உள்ள மயிலையும் திருவல்லிக்கேணியும் மதராசுக்கு முந்தைய ஊர்கள், பிறகு வந்து சேர்ந்தவை. வழிகாட்டிப் புத்தகங்கள் அண்ணா சாலையோடு நின்றுவிடுகின்றன என்பதற்காக நாமும் நிற்க வேண்டியதில்லை.

மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷனில் இறங்குங்கள். ஞாயிறு வேண்டாம், மொத்தக் கடைகள் மூடியிருக்கும். கிழமை நாளில் காலை ஒன்பதரைக்கு அரண்மனைக்காரன் தெருவுக்குள் நுழையுங்கள். பெயரைப் பார்த்துவிட்டு அரண்மனையைத் தேடாதீர்கள். அங்கே எந்த அரண்மனைக்காரனும் இருந்ததில்லை. இருந்தவர்கள் ஆர்மீனிய வணிகர்கள். ‘ஆர்மீனியன்’ நம் வாயில் புரண்டு ‘அரண்மனைக்காரன்’ ஆகிவிட்டது. ஹாமில்டன் பாலத்துக்கும் இதே கதி என்பார்கள். ஹாமில்டன் ‘அம்பட்டன்’ ஆகி, அதை யாரோ திரும்ப இங்கிலீஷில் பெயர்த்து ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ ஆக்கி, இப்போது அது அம்பேத்கர் பாலம். இந்த ஊரின் தெருப் பலகைகளைப் பையனுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். பவளக்காரத் தெரு, தங்க சாலை என்று ஒவ்வொன்றும் அங்கே நடந்த தொழிலைச் சொல்லும். தங்க சாலை என்பது நாணயம் அடித்த இடம்.

அந்தத் தெருவில் உள்ள ஆர்மீனிய தேவாலயம் 1772-இல் கட்டியது. காலையிலேயே பார்த்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் கதவு திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. மணிக்கூண்டு தனியாக நிற்கும், ஆறு பெரிய மணிகள். அம்மா நிழலில் உட்காரலாம், தெரு இரைச்சல் பாதியாகக் குறைந்துவிடும். அந்த வளாகத்தில் ஒரு பத்திரிகைக்காரரின் கல்லறை இருக்கிறது. ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794-இல் வெளிவந்தது ஆர்மீனியாவில் இல்லை, இந்த மதராசில். நடத்தியவர் இவர். தாய்மண்ணிலிருந்து இத்தனை ஆயிரம் மைல் தள்ளி, கையளவு வாசகர்களுக்காக அச்சுக் கோத்தவர். பத்திரிகைத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அந்தக் கல்லின் முன்னால் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. பக்கத்திலேயே அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமை என்றால் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும், அம்மாவோடு போக அன்றைக்கு வேண்டாம்.

அங்கிருந்து ஆண்டர்சன் தெரு பக்கம்தான். காகிதக் கடைகளும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும். பிறகு தங்க சாலைப் பக்கம் சௌகார்பேட்டைக்குப் போய் முறுக்கு சாண்ட்விச் கேளுங்கள். ரொட்டிக்குப் பதில் இரண்டு தட்டை முறுக்கு. நடுவே பச்சைச் சட்னி, வெள்ளரி, தக்காளி, பீட்ரூட் வில்லைகள். கையில் வாங்கிய நிமிஷமே கடிக்க வேண்டும். போட்டோ எடுத்துக்கொண்டு நின்றால் சட்னி ஊறி முறுக்கு நமத்துவிடும். இருட்டிய பிறகு என்றால் பர்மா பஜார்ப் பக்கம் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம்மவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போடுவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். பையனுக்குக் காரம் குறைக்கச் சொல்வதென்றால் பிசைவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

மதியம் நேரம் இருந்தால் கடற்கரையிலிருந்து வடக்கே ஒரே ஸ்டேஷன், ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் புறப்பட்ட கட்டடம், தூண்களோடு இன்னும் நிற்கிறது.

மெரினாவை விடச் சொல்லவில்லை. சூரியன் கடலிலிருந்து எழும்புகிற கரை, ஆகவே விடியலில் போங்கள், ஆறு மணிக்குள். மணல் ஏன் இவ்வளவு அகலம் என்று பையன் கேட்பான். இந்தக் கரையோரம் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் துறைமுகச் சுவர் வந்து அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே மணல் வராமல் ராயபுரம், காசிமேட்டுக் கரையைக் கடல் அரித்தது. நாம் சுண்டல் தின்கிற மணலுக்கு விலை கொடுத்தவர்கள் வடக்கே இருக்கிறார்கள். வட சென்னைக்காக நான் சண்டை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் இறங்கவே கூடாது. நாலடி உள்ளே சட்டென்று பள்ளம், இழுப்பும் உண்டு. நீச்சல் தெரிந்தவர்களே போயிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் மயிலாப்பூர். மார்கழி என்பதால் விடியுமுன்னே போங்கள், மாட வீதிகளில் கோலமும் பஜனையும் இருக்கும். பறக்கும் ரயிலில் திருமயிலை இறங்கினால் குளம் பத்து நிமிஷ நடை. ஆனால் அந்த ஸ்டேஷன்கள் உயரம். லிஃப்ட் ஓடும் என்று நம்பி அம்மாவைக் கூட்டிப்போகாதீர்கள், அவருக்கு ஆட்டோதான். எல்லோரும் கிழக்கு ராஜகோபுரத்தில் நுழைந்து நேரே சந்நிதியைத் தேடுவார்கள். கபாலீசுவரர் பார்ப்பதோ மேற்கே, குளத்தை நோக்கி. மேற்கு வாசலில் நுழையுங்கள். பிராகாரத்தில் புன்னை மரம், மயில் உருவில் அம்பாள். முடித்ததும் டிபனைப் பத்து மணிக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மெஸ்களில் இட்லி தீர்ந்து சாப்பாட்டுக்குத் தயாராவார்கள்.

மதியம் எழும்பூர் மியூசியம், வெண்கலக் கூடம் மட்டும். எல்லாக் கட்டடத்தையும் பார்க்கப் போனால் அம்மாவின் கால் தாங்காது. திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னால் பையனை நிறுத்திக் கைகளை எண்ணச் சொல்லுங்கள். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. இடுப்பு ஒரு பக்கம் நேராக இறங்கி, மறுபக்கம் வளையும். பத்து நிமிஷம் அங்கேயே நிற்கட்டும். மார்கழியில் பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. கேன்டீனில் சாப்பிடவும் கச்சேரி டிக்கெட் கேட்க மாட்டார்கள்.

பயணத்தைப் பொங்கலுக்குத் தள்ளிப்போட்டால் ஒன்று: காணும் பொங்கலன்று மெரினாப் பக்கம் வேண்டாம், லட்சக்கணக்கில் கூட்டம். ஜார்ஜ் டவுன் கடைகளும் அந்த நாட்களில் திறக்காது. ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும், வாங்கியதைப் போட ஒரு மஞ்சப்பையும் எடுத்துவாருங்கள். கவர் கேட்காதீர்கள்.