கேள்வி – பதில்: செனற் கைமாறிய கணக்கு

கேள்வி: 2024 இல் ட்ரம்ப் வென்ற அலையில்தானே அமெரிக்கப் பாராளுமன்றத்தின் மேல்சபையான செனற்றும் அவருடைய குடியரசுக் கட்சிக்குப் போனது? (வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: அலை பாதிதான். மீதி, அந்த ஆண்டு எந்த ஆசனங்களுக்கு முறை வந்தது என்பது. 100 செனற்றர்களுக்கும் பதவிக்காலம் 6 ஆண்டு. 2 ஆண்டுக்கொரு தடவை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர்தான் மக்களிடம் வருவார்கள். இங்கே பாராளுமன்றம் கலைவதுபோல முழுச் சபையும் ஒரே நாளில் கலையாது. 2024 இல் போட்டிக்கு வந்த 34 ஆசனங்களில் 23 ஜனநாயகக் கட்சியும் அதனோடு நின்ற சுயேச்சைகளும் வைத்திருந்தவை. மேற்கு வேர்ஜீனியா, மொன்டானா, ஒஹாயோ, பென்சில்வேனியா நான்கும் கைவிட்டுப் போக, ஜனநாயகக் கட்சிப் பக்கத்துக்கு 51–49 என்றிருந்த பலம் 47–53 ஆனது.

அலை மட்டும்தான் காரணமென்றால் அரிசோனா, நெவாடா, மிச்சிகன், விஸ்கொன்சின் ஆகியவையும் போயிருக்க வேண்டும். அங்கே ஜனாதிபதிக்கு ட்ரம்ப் வென்றார், செனற்றுக்கு ஜனநாயகக் கட்சி வென்றது. மட்டக்களப்பில் ஒரு கட்சிக்குப் புள்ளடி போட்டால் 3 விருப்பு வாக்கும் அந்தக் கட்சிக்குள்ளேதான். அமெரிக்கர்களுடைய வாக்குச்சீட்டில் பதவிக்கொரு கட்சியைத் தெரியலாம். விகிதாசாரமும் இல்லை, போனஸ் ஆசனமும் இல்லை: பென்சில்வேனியாவில் கிட்டத்தட்ட 70 இலட்சம் வாக்கில் ஏறத்தாழ 15,000 வித்தியாசம், தோற்றவருக்கு வெறுங்கை.

கேள்வி: பெரும்பான்மை கிடைத்தால் நினைத்ததெல்லாம் சட்டமாகுமா? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: ஆகாது. அமைச்சர், நீதிபதி நியமனங்களுக்குச் சாதாரண பெரும்பான்மை போதும். 50–50 என்று நின்றால் துணை ஜனாதிபதி வாக்களிப்பார். பெரும்பாலான சட்டமூலங்களில் விவாதத்தை முடிக்கவே 60 பேர் வேண்டும். 53 பேரை வைத்துக்கொண்டு எதிரணியில் 7 பேரைத் தேடவேண்டும். உண்மையான லாபம் குழுத் தலைவர் பதவிகள். எது சபைக்கு வரும், எது மேசையிலேயே தூங்கும் என்பது அங்கேதான் முடிவாகிறது.

கேள்வி: இலங்கையிலும் செனற் இருந்ததாமே, அதற்கு எங்கள் ஆட்களும் வாக்குப் போட்டார்களா? (வாசகி, கல்லடி)

பதில்: 1947 முதல் 1971 வரை இருந்தது. பொதுமக்கள் யாரும் வாக்குப் போடவில்லை. 30 பேரில் 15 பேரைக் கீழ்ச்சபை தெரிந்தது, 15 பேரை மகா தேசாதிபதி நியமித்தார். இங்கும் 6 ஆண்டு, மூன்றிலொரு பங்கு முறைதான். அதனால் 1970 மே தேர்தலில் கீழ்ச்சபை தலைகீழாகியும் செனற்றில் தோற்ற ஐ.தே.க. (ஐக்கிய தேசியக் கட்சி) பக்கமே கனமாக இருந்தது. முறை வரும்வரை பொறுக்காமல், 1971 ஒக்டோபர் 2 இல் சபையையே ஒழித்தார்கள். ஒழித்த அரசின் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, 1960 இல் முதன்முறை பிரதமரானபோது அமர்ந்திருந்தது அதே செனற்றில்.