விஞ்ஞானிக்கு நாவலாசிரியரால் என்ன பயன்?

நாவலாசிரியர் விஞ்ஞானியிடம் தகவல் கேட்டு வாங்கிக்கொள்கிறார், சரி. பதிலுக்கு விஞ்ஞானிக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். நான் இயற்பியல் ஆசிரியர். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1985இல் நடந்தது.

கார்ல் சேகன் ‘காண்டாக்ட்’ நாவலை முடிக்கும் தறுவாயில் இருந்தார். கதாநாயகி எல்லி, சுமார் 25 ஒளியாண்டு தள்ளியிருக்கும் வேகா விண்மீனுக்குப் போகவேண்டும். சேகன் அவளைக் கருந்துளை வழியாக அனுப்பியிருந்தார். அது சரிவருமா என்று பார்க்கச் சொல்லி, அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஈர்ப்பை ஆராய்ந்துவந்த நண்பர் கிப் தார்னுக்குக் கைப்பிரதியை அனுப்பினார். (சேகனே விஞ்ஞானிதானே என்பீர்கள். அவர் துறை கோள்கள். ஈர்ப்புக் கோட்பாட்டில் உதவி கேட்டு வந்தது நாவலாசிரியர் சேகன்தான்.)

மகளின் பட்டமளிப்பு விழாவுக்குக் காரில் போகும் வழியில் தார்ன் அதைப் படித்தார். கருந்துளைக்குள் விழுந்தால் மீள வழியில்லை. விண்வெளியின் இரண்டு இடங்களைக் குறுக்குவழியாக இணைக்கும் புழுத்துளை என்றால்? அதிலும் சிக்கல். அது திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். ஒளிகூடக் கடந்து போக நேரம் இருக்காது.

ஈர்ப்பை வெளியின் வளைவாகப் பார்க்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் வழக்கமாக, இன்ன பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அது வெளியை எப்படி வளைக்கும் என்று கணக்கிடுவோம். தார்ன் தலைகீழாகப் போனார். எல்லி உயிரோடு போய்ச் சேரவேண்டும். அதற்கேற்ற வடிவத்தை முதலில் எழுதிவிட்டு, அது மூடாமல் நிற்க என்ன பொருள் வேண்டும் என்று கேட்டார். உள்ளே பாயும் ஒளிக்கற்றையின் பார்வையில் ஆற்றல் அடர்த்தி (ஒரு கன அளவுக்குள் அடங்கிய ஆற்றல்) எதிர்மறையாக இருக்கும் ஒரு விசித்திரப் பொருள் வேண்டும் என்று விடை வந்தது. கதை எழுதுபவர் வேலை செய்யும் விதமும் இதுதானே? பாத்திரம் எங்கே போய்ச் சேரவேண்டும் என்பது அவருக்கு முதலில் தெரிந்துவிடும். அதற்கு உலகம் எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பிறகுதான் தேடுவார்.

சேகன் கருந்துளையைப் புழுத்துளையாக்கி நாவலைத் திருத்திக்கொண்டார். தார்னை அந்தக் கேள்வி விடவில்லை. மாணவர் மைக்கேல் மாரிஸுடன் 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பயணம் ஒரு வருடத்துக்குள் முடியவேண்டும், பயணியின் உடல் உணரும் விசை பூமியின் ஈர்ப்பை மிஞ்சக்கூடாது என்பதெல்லாம் அதில் கணித நிபந்தனைகளாகவே வருகின்றன. எல்லையின்றி வளர்ந்த ஒரு நாகரிகத்துக்குக்கூட இயற்பியல் விதிகள் எதை அனுமதிக்கும், எதைத் தடுக்கும் என்று கேட்பதற்குத் தார்ன் சேகன் பெயரையே வைத்தார். அதே ஆண்டு வந்த இன்னொரு கட்டுரையில், புழுத்துளையைக் கால இயந்திரமாக்க முடியுமா என்பதுவரை போனார்கள்.

எம்.எஸ்சி. படித்தபோது சார்பியல் எனக்கு வெறும் குறியீட்டுக் காடு. மாரிஸ்-தார்ன் கட்டுரையைப் படித்த அன்றுதான் ஒரு சமன்பாட்டைப் பார்த்து, ‘இதற்குள் ஒரு ஆள் நின்றால் அவருக்கு என்ன ஆகும்?’ என்று கேட்கத் தோன்றியது. இப்போது வகுப்பில் அந்தக் கேள்வியில்தான் பாடத்தைத் தொடங்குகிறேன். கட்டுரை வந்தது இயற்பியல் ஆசிரியர்களுக்கான ஓர் இதழில். சார்பியல் கற்பிக்க ஒரு கருவி என்று தலைப்பிலேயே போட்டிருப்பார்கள்.