இந்தியாவில் குடியரசுத் தலைவர்களும் துணைத் தலைவர்களும் எவ்வளவு காலம் பதவியில் இருந்திருக்கிறார்கள்? இடையில் ஒருவர் இறந்தால் மீதிக் காலம் யாருக்குப் போகும்?

முதலில் நேரடியாகக் கேட்டதற்குப் பதில். அதிக காலம் குடியரசுத் தலைவராக இருந்தவர் ராஜேந்திர பிரசாத்: 1950 ஜனவரி 26 முதல் 1962 மே 13 வரை, 12 ஆண்டு மூன்றரை மாதம். குறைந்த காலம் இருந்தவர் ஜாகிர் உசேன். 1967 மே 13இல் பதவியேற்று 1969 மே 3இல் பதவியிலேயே காலமானார்; இரண்டு ஆண்டு நிறையப் பத்து நாள் குறைவு. துணைத் தலைவர்களில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் ஹமீத் அன்சாரியும் ஆளுக்குப் பத்து ஆண்டு இருந்தார்கள். மிகக் குறைவு வி.வி. கிரி, இரண்டேகால் ஆண்டுகூட முழுதாக இல்லை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். இந்த ஆண்டுக்கணக்கைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். ஆனால் 1952 முதல் 1967 வரை மே 13இல் பதவியேற்ற குடியரசுத் தலைவர்கள் அதன்பிறகு ஏன் ஆகஸ்ட் 24க்குப் போனார்கள், அங்கிருந்து ஏன் ஜூலை 25க்கு வந்தார்கள் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது.

சட்டப்பிரிவு 56 சொல்வது இது: குடியரசுத் தலைவர் பதவியேற்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டு. கணக்கு ஆளோடு தொடங்கி ஆளோடு முடிகிறது. சட்டப்பிரிவு 62 அதை இன்னும் தெளிவாக்குகிறது. இறப்பாலோ ராஜினாமாவாலோ பதவி நீக்கத்தாலோ இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும். அதில் ஜெயித்து வருபவருக்கு முழு ஐந்து ஆண்டு. மீதிக் காலம் என்று ஒன்று யாருக்கும் போவதில்லை. அமெரிக்க நடைமுறையைப் படித்துவிட்டு வருபவர்கள் குழம்பும் இடம் இதுதான். அங்கே 1963இல் கென்னடி கொல்லப்பட்டதும் துணை அதிபர் ஜான்சன் அதிபராகி, கென்னடியின் மீதிக் காலத்தை 1965 ஜனவரி வரை முடித்தார். நம் துணைத் தலைவர் அப்படி அந்தப் பதவிக்கு வாரிசு ஆவதில்லை. புதியவர் வரும்வரை பொறுப்பைப் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

1969ஐக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜாகிர் உசேன் காலமான அன்றே துணைத் தலைவர் கிரி பொறுப்பேற்றார். அவரும் விலகிவிட்டால் யார் என்பதற்கு அதுவரை சட்டத்தில் வழி இல்லை. அதே மே மாதம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: இருவரும் இல்லாவிட்டால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, அவரும் இல்லாவிட்டால் அங்குள்ள மூத்த நீதிபதி. இரண்டே மாதத்தில் அந்தச் சட்டத்துக்கு வேலை வந்துவிட்டது. குடியரசுத் தலைவர் தேர்தலில் சுயேச்சையாக நிற்க முடிவெடுத்த கிரி ஜூலை 20இல் ராஜினாமா செய்தார். அதற்கு முந்தின நாள்தான் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

தலைமை நீதிபதி இதயதுல்லா 35 நாள் பொறுப்புக் குடியரசுத் தலைவராக இருந்தார். அந்த 35 நாளை யாரும் சும்மா கடந்துபோகக் கூடாது என்பேன். அமெரிக்க அதிபர் நிக்சன் டெல்லி வந்தது அப்போதுதான். வங்கி அவசரச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆகஸ்ட் 9இல் ஒப்புதல் கொடுத்தவரும் அவரே. தேர்தலில் காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டியை இரண்டாம் விருப்ப வாக்குகளின் (வாக்குச்சீட்டில் அடுத்த விருப்பமாகக் குறிக்கப்பட்டவை) துணையோடு தோற்கடித்து, ஆகஸ்ட் 24இல் கிரி பதவியேற்றார். ஜாகிர் உசேன் விட்டுப்போன மூன்று ஆண்டு அவருக்கு வரவில்லை. 1974 ஆகஸ்ட் 24 வரை புதிதாக ஐந்து ஆண்டு. மே மாதம் ஆகஸ்டுக்கு நகர்ந்தது இப்படித்தான்.

அடுத்து வந்த பக்ருதீன் அலி அகமதுவும் 1977 பிப்ரவரி 11இல் பதவியிலேயே காலமானார். துணைத் தலைவர் பி.டி. ஜாட்டி ஐந்தரை மாதம் பொறுப்பு வகித்தார். நெருக்கடி நிலைக்குப் பிந்தைய தேர்தல் முடிந்து மொரார்ஜி தேசாய்க்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் அவர். ஒன்பது மாநிலச் சட்டமன்றங்களைக் கலைக்கும்படி புதிய அரசு பரிந்துரைத்தபோது உடனே கையெழுத்திடாமல் தயங்கி, ஏப்ரல் 30இல்தான் கையெழுத்திட்டார். பொறுப்பில் இருப்பவருக்கும் குடியரசுத் தலைவரின் முழு அதிகாரமும் உண்டு என்று சட்டப்பிரிவு 65 சொல்கிறது. ஆகவே பொறுப்பில் இருந்தவர்களைப் பட்டியலின் ஓரத்தில் தள்ளிவிடுவதை நான் ஏற்பதில்லை.

ஆறு மாதக் கெடு ஆகஸ்டில் முடிய இருந்தது. அதற்குள்ளாக, 1969இல் தோற்ற அதே சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வாகி ஜூலை 25இல் பதவியேற்றார். அவருக்குப் பிறகு யாரும் இடையில் இறக்கவும் இல்லை, விலகவும் இல்லை. அதனால் ரெட்டி முதல் திரௌபதி முர்மு வரை பத்துப் பேரும் ஜூலை 25இல்தான் பதவியேற்றிருக்கிறார்கள். அந்தத் தேதியைக் குறிப்பிடும் சட்டம் எதுவும் கிடையாது.

துணைத் தலைவருக்கும் ஐந்து ஆண்டுதான், ஆனால் அவருடைய கணக்கு தனியாக ஓடுகிறது. காலியிடத்தைக் கூடிய விரைவில் நிரப்ப வேண்டும் என்று மட்டுமே சட்டப்பிரிவு 68 சொல்கிறது. ஆறு மாதக் கெடு இல்லை. பதவி உயர்வாலேயே இவர்களில் பலரின் காலம் சுருங்கியது. தஞ்சை மாவட்டம் ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் துணைத் தலைவராக இருந்தது மூன்று ஆண்டுக்கும் குறைவு. 1987இல் குடியரசுத் தலைவராகிவிட்டார். ஜகதீப் தன்கர் 2025 ஜூலை 21இல் உடல்நிலையைக் காரணம் காட்டி விலகியபோது அவரும் மூன்று ஆண்டை எட்டவில்லை. கிருஷ்ண காந்த் 2002 ஜூலை 27இல், பதவிக்காலம் முடிய ஒரு மாதம்கூட இல்லாத நிலையில் காலமானார். துணைத் தலைவர் பதவியில் இருந்தபோதே இறந்தவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு பதவியையும் சேர்த்துக் கணக்கிட்டால் பிரசாத்தை ராதாகிருஷ்ணன் முந்திவிடுவார்: 1952 முதல் 1967 வரை இடைவெளியே இல்லாமல் 15 ஆண்டு. துணைத் தலைவராக இருந்து குடியரசுத் தலைவரானவர்கள் மொத்தம் ஆறு பேர். 1997இல் கே.ஆர். நாராயணனோடு அந்த வரிசை நின்றுவிட்டது.

ஒருவர் எத்தனை முறை வரலாம் என்றும் சிலர் கேட்பார்கள். சட்டப்பிரிவு 57 தடை எதுவும் போடவில்லை. பிரசாத்தின் முதல் இரண்டே கால் ஆண்டு அரசியல் நிர்ணய சபை தேர்ந்தெடுத்த இடைக்காலம்; அதன்பிறகு 1952, 1957 தேர்தல்கள். அவருக்குப் பிறகு இரண்டாம் முறை யாரும் தேர்வாகவில்லை. அது வழக்கம்தான், விதி அல்ல. அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் நான்கு முறை ஜெயித்து 12 ஆண்டுக்கு மேல் இருந்ததைப் பார்த்து, 1951இல் அரசியலமைப்பையே திருத்தி இரண்டு முறைக்கு மேல் தேர்வாக முடியாதென்று வரம்பு வைத்தார்கள். அங்கே அதிபர் கையில் ஆட்சியே இருக்கிறது, வரம்பு தேவை. அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கும் நம் குடியரசுத் தலைவருக்கு அப்படி ஒரு திருத்தம் அவசியமில்லை என்பதே என் கருத்து.

தேர்வுக்குப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ள: முர்முவின் ஐந்து ஆண்டு 2027 ஜூலையில் நிறைவடையும். திருப்பூரைச் சேர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன் துணைத் தலைவராக 2025 செப்டம்பர் 12இல் பதவியேற்றார். தன்கர் விட்டுச்சென்ற இரண்டு ஆண்டு அல்ல, அவருக்கும் முழு ஐந்து ஆண்டு. 2030 செப்டம்பர் வரை.