காது கொடுங்க: இந்த மாதம் இன்-இயர் கேள்விகள்

(பாலக்காட்டு எல்லைப் பக்கத்துக் கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரிகளில் மானிட்டர் மிக்ஸிங், அதாவது மேடையில் இருப்பவர்களின் காதுக்கு ஒலியைக் கலந்து அனுப்பும் வேலை, பார்ப்பவர் பதில் சொல்கிறார். இன்-இயர் என்பது அவர்கள் காதுக்குள் மாட்டிக் கேட்கும் கருவி. அவரவர் காதில் அச்சு எடுத்துச் செய்தால் அது கஸ்டம்; டிப் என்கிற ரப்பர் முனையை மாட்டி யாரும் போட்டுக்கொள்ளலாம் என்றால் யுனிவர்சல்.)

அண்ணா, எனக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கானமேளா ட்ரூப்பில் பாடுகிறேன். இங்கே மாரியம்மன் நோன்பு என்றால் தமிழ்ப் பாட்டு, சித்தூர் தாண்டினால் மலையாளப் பாட்டு. இப்போது என்னிடம் இருப்பது ஐயாயிரம் ரூபாய் இன்-இயர். மேல் ஸ்தாயிக்குப் போய் வாயைத் திறந்தால் பேஸ் (அடி ஒலி) காணாமல் போகிறது. வியர்த்தால் வலது காதிலிருந்து நழுவுகிறது. ஒரு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். "காசு போட்டால் கஸ்டம்தான் போடணும்" என்கிறார் மாஸ்டர். கீபோர்டு அண்ணனோ, "அதே காசுக்கு உயர்ந்த யுனிவர்சல் வாங்கு, நாளைக்கு விற்கவாவது முடியும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

அம்மிணி, மாஸ்டர் பேச்சைக் கேளுங்க. ஆனால் ஒரு லட்சத்தையும் அதில் கொட்டாதீங்க.

வாயைத் திறந்தால் பேஸ் போகிறது என்று எழுதியிருக்கீங்களே, விடை அதிலேயே இருக்கிறது. தாடை மூட்டு காதுக் குழாய்க்கு ஒட்டினாற்போல் முன்னால் இருக்கிறது. சுண்டு விரலைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்க, உள்ளே சுவர் நகர்வது விரலில் தெரியும். மூடிய வாய்க்குப் பொருந்தி உட்கார்ந்த ரப்பர் டிப், நீங்க "ஆ" என்று மேலே பிடிக்கும்போது ஒரு பக்கம் மயிரிழை இடைவெளி விடும். அது போதும். கிக் டிரம்மும் பேஸ் கிதாரும் அந்த வழியாக வெளியே போய்விடும். உடனே நீங்க என் பக்கம் திரும்பிக் கையை மேலே காட்டுவீங்க, நான் கூட்டுவேன். சரணம் முடிந்து வாயை மூடியதும் கூட்டினதெல்லாம் காதில் வந்து அடைக்கும், மறுபடி கையைக் கீழே காட்டுவீங்க. பாதி ராத்திரி எங்க பிழைப்பு இதுதான்.

கீபோர்டு அண்ணன் சொல்வதும் பொய்யில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு வாசிக்கிறார், அவருக்கு நல்ல யுனிவர்சலும் ஒரு பொட்டலம் ஃபோம் டிப்பும் தாராளம். அவருடைய காதுக்குச் சரியான பதிலை உங்களுக்குச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

கஸ்டம் இன்-இயர் இந்த அளவுக்குப் பரவினதே மேடைத் தொல்லையால்தான். வான் ஹேலன் குழுவின் மானிட்டர் இன்ஜினியராக இருந்த ஜெர்ரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக 1995-இல் செய்து கொடுத்ததிலிருந்து வந்ததுதான் அல்டிமேட் இயர்ஸ் கம்பெனி. டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே பாட்டு கேட்கணும், தலையை ஆட்டினாலும் கழன்று விழக் கூடாது: வேண்டியது அதுதான். வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து ரசிக்கிற கதையெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டது.

இனி காசு. ட்ரூப்பில் உங்களுக்குத் தருகிற, இடுப்பில் மாட்டும் ஒயர்லெஸ் ரிசீவரான பாடிபேக் அனலாக் வகையாகத்தான் இருக்கும். அந்த வகையில் பெரும்பாலானவற்றில் மேல் ஒலிகள் 15,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். போதாததற்கு உங்களுக்கு வருவது மோனோ மிக்ஸ், இரண்டு காதுக்கும் ஒரே ஒலி. அதற்குமேல் பன்னிரண்டு டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) வைத்த இன்-இயரை மாட்டி எதைக் கேட்கப் போறீங்க? பாடிபேக்கின் "ஸ்ஸ்" இரைச்சலைத்தான் தெளிவாகக் கேட்பீங்க. மூன்று, நாலு டிரைவர் உள்ள கஸ்டம் போதும். பாதிக் காசு மிச்சமாகும். அதில் ஒரு மாற்றுக் கேபிள் வாங்குங்க. வியர்வையில் முதலில் உயிர் விடுவது கேபிளும் அது சொருகுகிற பின்னும்தான். பழைய ஐயாயிரம் ரூபாய்க்காரனைத் தூக்கிப் போடாதீங்க, ஸ்பேராகப் பையில் கிடக்கட்டும். கஸ்டம் ஒன்று மேடையில் செத்தால் பக்கத்தில் இருப்பவரிடம் இரவல் வாங்க முடியாது.

நான் அதிகம் பயப்படுவது கம்பெனியைப் பற்றி அல்ல, காது அச்சைப் பற்றி. முப்பதாயிரம் ரூபாய்க் கஸ்டமும் மூன்று லட்ச ரூபாய்க் கஸ்டமும் அந்த அச்சைப் பார்த்துத்தான் செய்யப்படுகின்றன. பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ செவிக்கருவி மையத்தில் ஆடியாலஜிஸ்ட் எடுத்துத் தருவார். ஆனால் அவர் தினமும் எடுப்பது காது கேட்கும் கருவிக்கான அச்சு, நமக்கு வேண்டியது அதைவிட ஆழம். போவதற்கு முன் காது டாக்டரிடம் காட்டி அழுக்கை எடுத்துவிடுங்க. சளி, காதுவலி இருக்கும்போது போகாதீங்க. முதலில் விளக்கு வைத்துப் பார்ப்பார். பிறகு நூல் கட்டிய சின்னப் பஞ்சுத் துண்டை உள்ளே தள்ளுவார். அது குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி உட்காரணும். மெதுவாக வேண்டுமானால் தள்ளச் சொல்லுங்க, ஆனால் பாதியில் நிறுத்த விடாதீங்க. இருமல் வரும், பரவாயில்லை. அப்புறம் இரண்டு களிம்பைப் பிசைந்து சிரிஞ்சில் அடைத்துப் பிழிவார். ஜில்லென்று நிறைந்து, ஒரு காது உலகமே அணைந்துவிடும். களிம்பு இறுகும்வரை பற்களுக்கு நடுவே ஒரு கட்டையைக் கடித்து வாயைத் திறந்தே வைத்திருக்கணும். பாடகர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்க. சொல்லாவிட்டால் வாயை மூடி வைத்து எடுத்துவிடுவார், காசு போட்டும் இதே பேஸ் கதைதான்.

வெளியே எடுத்ததும் அச்சைக் கையில் வாங்கிப் பாருங்க. இரண்டு வளைவும் தெரியணும், காது மடலின் மேல் மடிப்புவரை களிம்பு ஏறியிருக்கணும், குமிழோ சுருக்கமோ பள்ளமோ இருக்கக் கூடாது. இருந்தால் கூச்சப்படாமல் இன்னொன்று எடுக்கச் சொல்லுங்க. பவுடரும் திரவமும் கலக்கிற பழைய வகை வேண்டாம், அது கூரியரில் போகும்போதே சுருங்கும். சிலிக்கோன் களிம்புதான் வேண்டும். சில கம்பெனிகள் ஸ்கேன் செய்த கோப்பையே வாங்கிக்கொள்கின்றன.

வந்த பொருள் முதல் தடவையே பொருந்தாமல் போவது சகஜம். ஆர்டர் கொடுக்கும் முன்பே, திருப்பிச் செய்து தர எத்தனை நாள் கெடு, போக வர கூரியர் யார் செலவு, வெளிநாடு என்றால் சுங்கம் மறுபடி கட்டணுமா என்று எழுத்தில் வாங்குங்க. உற்சவ சீசன் நடுவில் ஆர்டர் கொடுக்க வேண்டாம்.

முதல் நாள் போட்டுப் பாடும்போது உங்க குரலே குடத்துக்குள் பாடுவது போல இருக்கும். பயப்படாதீங்க, காதை அடைத்தால் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே சொந்தக் குரல் எலும்பு வழியாக வந்து உள்ளே தேங்கும். அச்சு ஆழமாக எடுத்திருந்தால் இது குறையும், மிச்சத்தை மானிட்டர்காரரிடம் சொல்லுங்க. உங்க குரலில் 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்கினால் தெளிந்துவிடும். ஜனங்களின் கைதட்டல் கேட்கவில்லை என்று ஒரு காதைக் கழற்றித் தொங்கவிடுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கழற்றின காதில் மேடைச் சத்தம் அடிக்கும், மாட்டின காதில் ஒலியைக் கூட்டத் தோன்றும், இரண்டும் கெடும். மேடை விளிம்பில் ஒரு மைக் வைத்து ஜனங்களின் சத்தத்தை உங்க மிக்ஸில் கலக்கச் சொன்னால் வேலை முடிந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான், சித்தூர்ப்புழைக்கு இப்பால். கர்நாடக சங்கீதப் பைத்தியம். பெங்களூரில் இருக்கும் மகன் "இரண்டு லட்சத்துக்குள் எது வேண்டுமோ சொல்லுங்கள், கஸ்டமாகவே செய்துவிடலாம்" என்கிறான். பாடகர் செம்பையும் மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரும் சேர்ந்த பழைய பதிவுகளைக் கேட்பதுதான் என் பொழுது. கஸ்டம் செய்யலாமா?
— ஆசிரியர், சித்தூர் வட்டம்

மாஷே, வேண்டாம். மகனுக்கு என் வந்தனம்.

நீங்க உட்கார்ந்து கேட்கிறீங்க. உங்களுக்கு வாயும் திறக்காது, வியர்வையும் இல்லை. கஸ்டம் தீர்க்கிற கஷ்டம் எதுவும் உங்களுக்கு இல்லை. அது கொண்டுவருகிற கஷ்டம் மட்டும் வரும். அம்மாளோ பேரனோ கேட்கணும் என்றால் கொடுக்க முடியாது. விற்கப் போனால் வாங்க ஆளில்லை. சர்க்கரைக்காக உடம்பு இளைத்தீங்க என்றால் காதுக் குழாயும் மாறும், பொருத்தம் தளரும். எல்லாவற்றுக்கும் மேலே, காதில் வைத்துக் கேட்டுப் பார்க்காமல் இரண்டு லட்சம் கொடுக்கணும். "யுனிவர்சலில் கேட்டுப் பிடித்ததால் கஸ்டம் ஆர்டர் கொடுத்தேன், இது வேறு மாதிரி இருக்கிறது" என்ற புலம்பல் எனக்கு அடிக்கடி வருகிறது. 64 ஆடியோ கம்பெனி ஒரே அமைப்பை யு12டி என்று யுனிவர்சலாகவும் ஏ12டி என்று கஸ்டமாகவும் விற்கிறது. அப்படி ஜோடியாக வருவதிலும் உங்க காதில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும் என்று யாரும் கையடித்துச் சொல்ல முடியாது.

காரணம் ஆழம். காதுக் குழாய் சுமார் 25 மில்லிமீட்டர் நீளம். முன்னால் அடைத்தபின் செவிப்பறைவரை மிச்சமிருக்கும் குழாய்க்கென்று ஓர் அதிர்வு உண்டு, அது அந்த இடத்து ஒலியை மேடாகத் தூக்கும். இன்-இயர்களை அளக்கும் கருவிகளில் அது 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்படி வைத்துத்தான் அளக்கிறார்கள். உள்ளே தள்ளினால் அந்த மேடு இன்னும் மேலே போகும், வெளியே இழுத்தால் கீழே இறங்கி ஜால்ராவையும் வயலின் வில்லின் உரசலையும் கூராக்கிக் காதைக் குத்தும். யுனிவர்சலில் டிப்பை மாற்றி அந்த மேட்டை நகர்த்தலாம். கஸ்டத்தில் அச்சு எங்கே வைத்ததோ அதுதான்.

அதனால் நல்ல யுனிவர்சல் வாங்கி, டிப்புக்கு ஓர் ஆயிரம் ரூபாயைத் தனியாக ஒதுக்குங்க. இரண்டு காதும் ஒரே அளவு என்று எந்தச் சட்டமும் இல்லை. வலதுக்கு நடுத்தரமும் இடதுக்குச் சிறியதும் போடுகிறவர்கள் ஏராளம். சரியாக அடைத்ததா என்று பார்க்க உங்களிடம் என்னைவிட நல்ல கருவி இருக்கிறது: மணி ஐயரின் மிருதங்கத்துத் தொப்பி, அதாவது அதன் இடது பக்கம். இடது கையில் அழுத்தித் தேய்க்கும் கும்கி நாதம் அடிவயிற்றிலிருந்து எழுந்து வளைகிறதா? அப்படியானால் டிப் சரி. வெறும் "டப்" மட்டும் கேட்டு, வளைவு காணவில்லை என்றால் எங்கோ கசிகிறது. டிப்பை மாற்றுங்க, ஈக்வலைசரைத் தொடாதீங்க.

இன்னும் இரண்டு வார்த்தை, கோபிக்கக் கூடாது. செம்பையின் காலம் 1896 முதல் 1974 வரை. அந்தப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ, டேப் இரைச்சல் உள்ளவை. மணி ஐயரோ மைக்கே வேண்டாம் என்று நின்ற மனிதர். உயர்ந்த இன்-இயர் அந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் உயர்த்திக் காட்டும். முப்பது, நாற்பதாயிரத்துக்குமேல் போவதில் உங்களுக்கு லாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாங்கும் முன் கேள்திறன் சோதனை ஒன்று எடுத்துவிடுங்க. வயதானால் முதலில் குறைவது மேல் ஒலிகள். அந்தச் சோதனை வழக்கமாக 8,000 ஹெர்ட்ஸ் வரை பார்க்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் விற்பவர் பேச்சு உங்களிடம் எடுபடாது.

அண்ணா, செண்டை அடிக்கிறேன். நென்மாறை வல்லங்கி வேலா திருவிழா மாதிரிப் பெரிய இடம் முடிந்து வந்தால் இரண்டு நாள் காதில் "ங்ஙொய்" என்று நிற்காமல் கேட்கிறது. கஸ்டம் இன்-இயர் போட்டால் காது தப்பிக்குமா?
— கொல்லங்கோட்டுக்காரன்

தம்பி, இன்-இயர் உனக்கு வேண்டாம், காதடைப்பான் வேண்டும். உன் மேளத்துக்கு மைக்கும் இல்லை மிக்ஸும் இல்லை, இன்-இயரில் எதைக் கேட்பாய்?

அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு: 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம். அதற்குமேல் 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்குக் கால் மணி. செண்டை வரிசைக்கு நடுவில் நிற்கிறவனுக்கு அந்தக் கால் மணி மேளம் சூடு பிடிப்பதற்குள்ளேயே தீர்ந்துவிடும்.

பஞ்சை அடைத்தால் கோல் விழும் கூர்மை போய் இலத்தாளத்தின் ஜால்ரா ஓசையும் கேட்காது, உடனே பிடுங்கிப் போடுவாய். இசைக்காரர்களுக்கென்று காது அச்சு எடுத்துச் செய்யும் மென் சிலிக்கோன் அடைப்பான் இருக்கிறது. அதற்குள் எடிமோட்டிக் கம்பெனியின் இஆர்-15 என்கிற சின்ன வடிகட்டியைப் பொருத்துவார்கள். எல்லா ஒலியையும் ஏறத்தாழச் சமமாக 15 டெசிபல் இறக்கும், மேளம் மேளமாகவே கேட்கும். உனக்கு 25 இறக்குகிற வடிகட்டியையும் கேட்டுப் பார். கஸ்டத்தின் விலையில் இது சின்னப் பங்குதான். அச்சு எடுக்கிற விதம் மேலே அம்மிணிக்குச் சொன்னதுதான்.

இரண்டு நாள் ஒலிக்கிறது என்றால் அடுத்த வேலாவரை காத்திருக்காதே. இந்த வாரமே காது டாக்டரைப் பார்.

பாதி விலைக்கு ஒருவர் தன் கஸ்டம் இன்-இயரைத் தருகிறார். வாங்கலாமா?
— வேலந்தாவளம் வாசகர்

அவர் காதும் சேர்த்துத் தருகிறாரா? இல்லையென்றால் உள்ளிருக்கும் டிரைவர்களை எடுத்து உங்க அச்சில் புது உடலுக்குள் மாற்றணும். அதைச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இன்-இயருக்குள் ஒலி வரும் குழாயின் நீளம் கொஞ்சம் மாறினாலும் ஒலி மாறும், செய்த கம்பெனி அதற்குப் பிறகு பொறுப்பேற்காது. மாற்றுகிற கூலியையும் கேட்டு, கூட்டிப் பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்க.