பிள்ளைகள் கடை போட்டால் பாவம் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: அவிநாசி பக்கம் எங்கள் ஊர். மகள் ஏழாவது, மகன் ஐந்தாவது படிக்கிறார்கள், இருவர் கையிலும் காசு நிற்பதில்லை. எங்கள் வீதியில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு வியாபாரமும் வரவு செலவும் பழக்கலாம் என்று பேசி வருகிறோம். ஒரு பயிற்சி மையம் ‘குட்டித் தொழிலதிபர்’ வகுப்புக்குப் பெரிய தொகை கேட்கிறது. சேர்க்கலாமா, நாங்களே செய்ய முடியுமா? – ஒரு வாசகி

பதில்: நீங்களே செய்யலாம். திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வியாபாரம் கற்க ஏசி அறைக்குக் காசு கட்டுவது எனக்கு வேடிக்கையாகத்தான் தெரிகிறது.

ஆறு குடும்பமும் ஆளுக்கு 300 ரூபாய் போட்டால் 1,800 ரூபாய் முதல் சேரும். அதைப் பிள்ளைகளுக்குச் சும்மா தர வேண்டாம், கடனாகக் கொடுங்கள். என்ன விற்கப் போகிறார்கள், சாமான் செலவு எவ்வளவு, என்ன விலை, எந்தத் தேதிக்குள் திருப்புவார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். கொடுப்பதா வேண்டாமா என்று பெற்றவர்கள் முடிவு செய்யக் கூடாது, எதிர்வீட்டு மாமாவோ பக்கத்துவீட்டு அத்தையோதான் கேள்வி கேட்க வேண்டும். நாம் கேட்டால் பிள்ளை சிணுங்கும், நாமும் இரங்கிவிடுவோம். மாமாவிடம் சிணுங்க முடியாது இல்லையா? ஊர் சேர்ந்து செய்வதில் பெரிய லாபமே இதுதான்.

மாரியம்மன் நோம்பிக்கு எலுமிச்சை சர்பத் கடை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழம் 120, சர்க்கரை 80, ஐஸ் 40, கப் 60, ஆக மொத்தம் 300 ரூபாய். ஐம்பது கப் வரும், அடக்கம் கப்புக்கு 6 ரூபாய், பத்து ரூபாய்க்கு விற்றால் 200 லாபம் என்று போடுவதற்கு முன்பே குதிப்பார்கள். சாயங்காலம் மழை வந்து பதினைந்து கப் நின்றுபோனால் கையில் வருவது 350, லாபம் வெறும் 50, அதையும் இரண்டு பேர் பங்கு போட வேண்டும். இந்த இடத்தில்தான் பெரியவர்கள் கெடுத்துவிடுகிறோம். “பாவம் கண்ணு, மிச்சத்த நானே எடுத்துக்கறேன்” என்று அம்மாயி நூறு ரூபாயை நீட்டுவார், அப்புச்சி ஒரு கப் குடித்துவிட்டு ஐம்பதைக் கொடுத்து சில்லறை வேண்டாம் என்பார். தயவுசெய்து வீதி முழுக்கச் சொல்லி வையுங்கள்: தாகம் இருந்தால் வாங்குங்கள், இனிப்பு குறைந்தால் குறை என்று சொல்லுங்கள், மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்குங்கள். கடன் தேதி வந்தால் கடனையும் கேளுங்கள். நட்டம் என்றால் தள்ளுபடி வேண்டாம், தவணை கொடுங்கள். நட்டம் 100 ரூபாயில் இருக்கும்போதே பட்டுவிடட்டும்.

முதல் சில முறை கல்லாவில் ரொக்கம் மட்டும் இருக்கட்டும். உங்கள் போனுக்கு வரும் கியூஆர் கோடை ஒட்டி வைத்தால் பிள்ளை காசையே பார்க்காது, சில்லறை எண்ணவும் பழகாது. மகனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு மகளைக் கப் கழுவ விடும் வழக்கம் தானாக வந்துவிடும், அதனால் முறை வைத்து மாற்றுங்கள்.

கடை போடாத நாட்களில் பார்க்க வேண்டியவை நிறைய. ஈரோட்டு மஞ்சள் ஏலத்துக்கோ கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஏலத்துக்கோ நாலைந்து பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் தனித்தனி விலை, ஒரே நாளில் ஒருவர் மூட்டைக்கும் அடுத்தவர் மூட்டைக்கும் வித்தியாசம், அது ஏன் என்று விவசாயியிடமே கேட்கலாம். கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர் பக்கத்தில் மகளை உட்கார வையுங்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதி, கடைசியில் கூட்டிப் பார்த்தால் பணமும் நோட்டும் ஒத்துப்போக வேண்டும், இதைவிட நல்ல கணக்கு வகுப்பு எனக்குத் தெரியாது. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அக்கா யாராவது வீதியில் இருந்தால், வாரச் சம்பளத்தை எப்படிப் பிரிக்கிறார் என்று அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்காதீர்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோது பணத்தை விட்டவர்கள் நம் பகுதியில் ஏராளம். உறவில் அப்படி யாராவது இருந்து, சொல்ல மனமும் இருந்தால், மாதாமாதம் வருமானம் நிச்சயம் என்ற பேச்சை ஏன் நம்பினார் என்று அவர் வாயாலேயே பிள்ளைகள் கேட்கட்டும்.

சேமிப்புக்கு வழி சுலபம். பத்து வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே கணக்கு தொடங்கித் தானே இயக்கலாம், குறைந்தது 500 ரூபாய் போட வேண்டும். ஐந்து வருடத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயில் ஆரம்பம். மகனுக்குப் பத்து நிறையவில்லை என்றால் உங்களைக் காப்பாளராகப் போட்டுத் தொடங்குங்கள். வங்கிகளும் பத்து வயதுக்கு மேல் அனுமதிக்கின்றன, வரம்பு வங்கிக்கு வங்கி மாறும்.

அப்புறம், ‘பழகட்டும்’ என்று யாருடைய கடைக்கோ கம்பெனிக்கோ பிள்ளைகளை வேலைக்கு அனுப்ப வேண்டாம். 14 வயதுக்குக் கீழ் அது சட்டப்படி குற்றம். பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் கைகொடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது.

மகள் படிப்பது அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியரிடம் ‘பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம்’ பற்றி விசாரியுங்கள். மாணவர்கள் கண்ணில் படும் பிரச்சினைக்குத் தாங்களே தீர்வு யோசிக்கும் திட்டம் அது, தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் நடத்துகிறது, அதற்கு நீங்கள் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.